மூச்சு வாங்கும் இடம்

மார்ச் 3, ஞாயிறு

பயிற்சிக்குப் போய் வந்தாயிற்று. வாசித்தது கொஞ்சம், பேசியது மிச்சம். கிட்டார் வார் அழுத்திய இடத்தில் கழுத்து எரிகிறது. வாசித்து எரிந்தால் பரவாயில்லை. அதை மாட்டிக்கொண்டு அடுத்தவர்கள் சண்டையைக் கேட்டபடி நின்றதில் எரிகிறது.

கொழுந்தனின் வாஷிங் மெஷின் பட்டறைக்குப் பின்னால் உள்ள அறைதான் எங்கள் கச்சேரி மண்டபம். மூன்று சுவரில் பழைய மெத்தை, நான்காவதில் கழற்றிப் போட்ட மெஷின் பாகங்கள். கொழுந்தன் டிரம்ஸ். பாடுவது என் அக்கா. வாரமெல்லாம் பள்ளி வேன் ஓட்டிப் பிள்ளைகளை அதட்டும் தொண்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படித்தான் குழைகிறதோ. கீபோர்டுக்கு ஒரு மருந்துக்கடைக்காரர். எதைக் கேட்டாலும் “கொஞ்சம் குறைச்சுக்கலாம்” என்பார், அதனால் அவருக்கு அரை மாத்திரை என்று பெயர். அவருக்கும் தெரியும், கோபப்பட மாட்டார். பேஸ் கிட்டார் நான். குழுவுக்குத்தான் இன்னும் பெயர் இல்லை. நான்கு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்றைய சண்டை படிப் பாட்டில். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கெட்டுக் கிடந்தபோது, நாள் முழுக்க லேபில் நின்று ரத்தம் எடுத்துவிட்டு ஐந்து மாடி ஏறுகையில் என் வாயில் வந்த மெட்டு அது. ஏறும், நிற்கும். மறுபடி ஏறும், நிற்கும். நிற்கிற இடத்தில் ஒன்றும் கிடையாது. அக்கா அதற்கு வார்த்தை எழுதினாள். அன்றிலிருந்து அது அக்கா பாட்டு.

இப்போது அந்த நிற்கிற இடம் இரண்டு பேர் கண்ணையும் உறுத்துகிறது. “சும்மா காலியா கிடக்குடி. ‘இன்னும் எத்தனை மாடி’ன்னு ஒரு வரி போட்டுக்கறேன்” என்றாள் அக்கா. கொழுந்தனோ, “அங்க டிரம்ஸ்ல ஒரு உருட்டு உருட்டினா ஜனம் எழுந்து நிக்கும்” என்றான்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. யார் என்ன யோசனை சொன்னாலும் அதை மூன்று தடவை முழுசாக வாசித்த பிறகுதான் வேண்டாம் என்று சொல்லலாம். நான் கொண்டுவந்த சட்டம்தான். வரியோடு மூன்று தடவை, உருட்டோடு மூன்று தடவை வாசித்தோம். பிறகு இரண்டு பேரும் முன்னைவிடத் தெம்பாக மற்றவருடையதை வேண்டாம் என்றார்கள்.

“உனக்கு மெஷினைத் தட்டித் தட்டியே பழக்கமாயிடுச்சு” என்றாள் அக்கா.

“நீங்க மட்டும் என்னக்கா, ரோட்டுல ஹாரன் அடிக்கிற மாதிரிதானே ஒவ்வொரு இடத்துலயும் நுழையறீங்க.”

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு என்று சொல்லியிருப்பேன்.

மார்ச் 5, செவ்வாய்

கால் வலி. லேபில் ஒரு பெரியவர், “சொல்லிட்டுக் குத்தும்மா” என்றார். சொன்னேன். கையை இழுத்துக்கொண்டார். சொல்லாமல் குத்துவதுதான் எல்லோருக்கும் நல்லது போலிருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்தாள். வேனை எங்கோ ஓரம் கட்டியிருக்கிறாள், பின்னால் லாரிச் சத்தம்.

“உன் கொழுந்தன்ங்கறதால பாக்கறியா? உள்ளதைச் சொல்லு. அந்த வரி இருக்கட்டுமா, வேணாமா?”

எனக்கு முன்னால் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. வெளியே இருபது பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். “சரிக்கா, போட்டுக்கோ” என்றேன். “அவன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ அதைக் கிளறாதே.”

அவள் குரல் அப்படியே இளகிவிட்டது. “நீ ஒருத்திதான்டி என்னைப் புரிஞ்சுக்கறே” என்றாள். ஒரு ‘சரி’க்கு எவ்வளவு வரும்படி.

மார்ச் 10, ஞாயிறு

அக்கா வரவில்லை, பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு வேன் போயிருக்கிறது. பயிற்சி முடிந்ததும் கொழுந்தன் டீயை நீட்டிக்கொண்டே, “அண்ணி, அவங்க இல்லாதப்ப கேக்கறேன். அந்த உருட்டு இல்லைன்னா அந்தப் பாட்டுல எனக்கு என்ன வேலை? கடிகாரம் மாதிரி தட்டிட்டு இருக்கறதா?” என்றான்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். ஆனால் கண் விளையாடவில்லை. வாரம் ஆறு நாள் அடுத்த வீட்டு அழுக்குத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டிருப்பவன். அவனுக்கும் இது ஒன்றுதான்.

“சரி தம்பி, வாசி. அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் கேக்காதே.”

நாளைக்கு அக்காவிடம் பேச வேண்டும். அல்லது நாளை மறுநாள்.

மார்ச் 17, ஞாயிறு

நான்கு வருடத்தில் இப்படி ஒரு பயிற்சி நடந்ததில்லை. அக்கா, கொழுந்தனுக்கென்று பன் வாங்கி வந்திருந்தாள். அவன் மின்விசிறி பக்கத்து நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டான். “தொண்டைக்கு வெந்நி வெக்கட்டுமாக்கா?” “வேணாம்ப்பா, நீ உக்காரு.” ஜெயித்தவர்களின் பெருந்தன்மை. தோற்றவர் மனம் நோகக் கூடாதென்று இரண்டு பேரும் அவ்வளவு பார்த்துப் பார்த்து நடந்துகொள்கிறார்கள்.

நான் ஒரு மூலையில் ஸ்ருதி சேர்ப்பது போல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

அரை மாத்திரை, “சனிக்கிழமை நிகழ்ச்சி. படிப் பாட்டை ஒரு தடவை பாத்துடலாமா?” என்றார்.

“அது சரியாயிடுச்சு சார்” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன், கொட்டாவிதான் வந்தது.

மார்ச் 20, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே கேட்டார்.

“சொல்லிடு” என்றார்.

“யார்கிட்ட?”

“ரெண்டு பேர்கிட்டயும்.”

“உங்க தம்பிகிட்டயாவது நீங்க சொல்லக் கூடாதா?”

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அண்ணனும் அண்ணியும் நல்ல ஜோடி. பூசி மெழுகுவதற்கென்றே பிறந்திருக்கிறோம்.

மார்ச் 23, சனி

முடிந்தது. எழுதத் தெம்பில்லை.

மார்ச் 24, ஞாயிறு

குடியிருப்போர் சங்க ஆண்டு விழா. நோட்டீசில் எங்கள் பெயர் ‘மற்றும் குழுவினர்’. தலைவர் பேசி, செயலாளர் பேசி, தண்ணீர் வரி பற்றி ஒருவர் எழுந்து சண்டை போட்டு, அதற்குப் பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். கடைசிப் பாட்டு படிப் பாட்டு.

முதல் நிறுத்தம் வந்தது. “இன்னும் எத்தனை—” என்று அக்கா எடுத்தாள். அதே இடத்தில் உருட்டு விழுந்தது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பேச்சு மாறிய ஆளைப் பார்க்கிற பார்வை. இரண்டாவது நிறுத்தத்தில் அவள் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டாள். அவன் தோளிலிருந்து அடித்தான். மூன்றாவதில் அது பாட்டே இல்லை. ஸ்பீக்கர் கதறியது. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. அரை மாத்திரை கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் மட்டும் நடுவில் நின்று வாசித்துக்கொண்டே இருந்தேன், எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல.

ஜனங்கள் கை தட்டினார்கள். வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். அதுதான் தாங்கவில்லை.

மேடைக்குப் பின்னால் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள்.

“விட்டுக்கொடுத்துட்டு மேடையில வந்து இப்படிப் பண்ணுவியா?”

“யார் விட்டுக்கொடுத்தது? அண்ணி சரின்னாங்க.”

“என்கிட்டயும்தான் சரின்னா.”

இரண்டு பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? லேபில் ஊசியை உருவியதும் சொல்கிறதை. “ஒண்ணுமில்ல, முடிஞ்சிடுச்சு.”

“நான் என்ன, ரத்தம் குடுக்க வந்தவளாடி?” என்றாள் அக்கா. அவள் கண் கலங்கி நான் பார்த்து வெகு நாளாயிற்று. கொழுந்தன் டிரம்ஸை அவனே தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எப்போதும் நானும் ஒரு கை பிடிப்பேன்.

மார்ச் 26, செவ்வாய்

அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 28, வியாழன்

எங்கள் வாஷிங் மெஷின் தண்ணீர் இறங்காமல் நின்றிருந்தது. அவர் கூப்பிட்டுக் கொழுந்தன் வந்தான். குழாயைக் கழற்றி, அடைத்திருந்த காலுறையை எடுத்துத் தரையில் வைத்தான். வேறு நாளாக இருந்தால் அந்தக் காலுறையை வைத்தே அரை மணி நேரம் என்னைக் கிண்டல் செய்திருப்பான். கை கழுவினான். “வர்றேன் அண்ணி” என்றான். டீ வேண்டாமாம்.

மார்ச் 31, ஞாயிறு

பயிற்சி இல்லை. ஒரு ஞாயிறு சும்மா கிடந்தால் போதும் என்று எத்தனை நாள் அலுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று கிடந்தேன். தூங்கி எழுந்தால் இடுப்பு வலி. துணி மடித்தேன். மறுபடி படுத்தேன். விரல் பாட்டுக்குத் தலையணையில் தாளம் போடுகிறது, அதற்கு யார் சொல்வது.

ஏப்ரல் 3, புதன்

அரை மாத்திரை சர்க்கரைப் பரிசோதனைக்கு எங்கள் லேபுக்கு வந்தார். என் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார். கையில் பட்டையைக் கட்டும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

“எங்க மருந்துக்கடைக்காரங்க சங்கத்துல மே மாசம் குடும்பச் சந்திப்பு. நம்ம குழு வாசிக்கும்னு நான் போன மாசமே வாக்குக் குடுத்துட்டேன். இப்ப இல்லைன்னா என் மானம் கப்பலேறிடும்.”

“அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையே சார்.”

“அவங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும், காது கிழிய கேட்டாச்சு. உனக்கு என்ன வேணும்?”

“சண்டை இல்லாம இருந்தா போதும்.”

“அதைக் கேக்கலை. பாட்டுல.”

எனக்கு நரம்பு தப்பிவிட்டது. இந்த வேலையில் எனக்கு அப்படி நடப்பதே அரிது. பஞ்சை வைத்து அழுத்தி மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல, இன்னொரு கை இருக்கு” என்று அதை நீட்டினார். கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை, ஊசிக்குப் பயந்தோ என்னவோ.

ஏப்ரல் 4, வியாழன்

எனக்கு என்ன வேணுமாம். நல்லா கேட்டாரு.

ஒண்ணும் வேணாம்! அந்த இடத்துல ஒண்ணுமே வேணாம். வரியும் வேணாம், உருட்டும் வேணாம். அது நான் படியில நின்ன இடம். கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு, அடுத்த மாடியைப் பாத்துக்கிட்டு, மூச்சு வாங்கின இடம். அந்த ஒரு இடத்துலதான் அன்னைக்கு யாரும் என்னை எதுவும் கேக்கலை. வீட்டுக்குள்ள போனா சாப்பாடு, துணி. லேபுக்குப் போனா வரிசை. அந்தப் படியில மட்டும்தான்— அதையும் ரெண்டு பேரும் நிரப்பப் பாத்தா நான் எங்க போய் நிக்கறது?

இதை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லை. சொன்னா, ‘இது ஒரு விஷயமா’ன்னு சிரிச்சுட்டா? அந்தப் பயம்தான். வேற என்ன. அதுக்குத்தான் இத்தனை சரி, சரி, சரி.

ஏப்ரல் 7, ஞாயிறு

போன் செய்யாமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டயர் பக்கம் குனிந்துகொண்டாள். ஒரு துணியை எடுத்து மறுபக்கம் நானும் துடைக்க ஆரம்பித்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

“அக்கா, அந்த வரி நல்ல வரிதான். ஆனா எனக்கு அது வேணாம். அவன் உருட்டும் வேணாம். அங்க யாரும் ஒண்ணும் பண்ணக் கூடாது.”

“இதை மார்ச்சுலயே சொல்றதுக்கு என்ன?”

“நீ கோவிச்சுப்பே.”

“இப்ப மட்டும் என்ன, கொஞ்சிட்டா இருக்கேன்?”

குழாய் தண்ணீர் என் செருப்பில் ஓடியது. அவள் சொன்னாள், “என் பாட்டுன்னு நினைச்சிட்டிருந்தேன்டி. வேனை எடுக்கறப்ப தினம் அதைத்தான் பாடுவேன். அப்ப எதுக்கு என்னை வார்த்தை எழுதச் சொன்னே?”

“நான் சொல்லலையேக்கா. நீயாத்தான் எழுதினே.”

உண்மைதான். ஆனால் அந்த உண்மை அவள் முகத்தில் போய் விழுந்ததைப் பார்த்தேன். குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள். நான் பாதி வேனைத் துடைத்துவிட்டு வந்தேன். இத்தனை நாள் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது எனக்கே நன்றாகப் புரிகிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

கொழுந்தனிடமும் சொல்லியாயிற்று. பட்டறையில், ஒரு மெஷினுக்கு அடியில் அவன் படுத்திருக்கும்போது. முகம் தெரியாததால் எனக்குச் சொல்ல வசதியாக இருந்தது.

“டிரம்ஸ்காரன் சும்மா உக்காரறதுக்கு எதுக்கு அண்ணி டிரம்ஸ்காரன்?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

“உன் உருட்டு நல்லாருக்கு தம்பி. வேற பாட்டுல வாசி. இதுல வேணாம். முன்னாடி சரின்னது பொய்.”

ஸ்பேனரைத் திருகிக்கொண்டே, “அவங்க முதல்ல வரட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றான். அக்காவும் அதையேதான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை நான் யாருக்கும் தூது போகவில்லை. ‘ஞாயிறு 21, மூணு மணி, நான் இருப்பேன்’ என்று இரண்டு பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பிவிட்டுப் போனை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மூன்று மணிக்கு நானும் அரை மாத்திரையும்தான் இருந்தோம். கொழுந்தன் கடையின் முன்பக்கமே நின்று, இல்லாத வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றே காலுக்கு வேன் சத்தம். அக்கா உள்ளே வந்தாள், பையைக் கழற்றாமலே நின்றாள். பின்னாலேயே கொழுந்தன்.

“ஒரு யோசனை சொல்றேன். மூணு தடவை வாசிக்கணும்” என்றேன்.

“நாலு வருஷத்துல நீங்க இதைக் கேக்கறது இதுதான் முதல் தடவை அண்ணி” என்றான். குத்தலா, வியப்பா, தெரியவில்லை.

முதல் தடவை, நிறுத்தம் வந்ததும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், யாரோ வரியை மறந்துவிட்டது போல. இரண்டாம் தடவை கொழுந்தனின் கால் பழக்கத்தில் ஒரு அடி அடித்துவிட்டது. “சாரி” என்றான். மூன்றாம் தடவை சரியாக நின்றோம். மெத்தைக்கு அந்தப் பக்கம் தெருவில் சைக்கிள் மணி கேட்டது.

“எனக்குப் பிடிக்கலை” என்றாள் அக்கா.

“எனக்கும்” என்றான் அவன். இத்தனை மாதத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம்.

“கொஞ்சம் குறைச்சுக்கலாம்” என்றார் அரை மாத்திரை.

வழக்கமாக இங்கேதான் நான் சரி என்பேன். நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. “பிடிக்க வேணாம். குறைக்கவும் வேணாம். இந்தப் பாட்டு இப்படித்தான்” என்றேன். கடைசி வார்த்தை எனக்கே கேட்கவில்லை. அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். “யோசிச்சுச் சொல்றேன்” என்று போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல் இருந்தது.

ஏப்ரல் 25, வியாழன்

அக்காவிடமிருந்து குரல் செய்தி. எழுத்தில் ஒரு வார்த்தை இல்லை. வேனுக்குள் உட்கார்ந்து படிப் பாட்டைப் பாடி அனுப்பியிருக்கிறாள். நிற்கிற இடத்தில் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொள்கிறது. வேறொன்றும் இல்லை. பிறகு அடுத்த வரி. பிறகு மறுபடி டிக் டிக்.

லேபில் ஊசிகள் வைக்கும் அறைக்குள் போய் நின்று கேட்டேன். அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

கொழுந்தனுக்கும் அதைப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டான். “அந்த இண்டிகேட்டர் நல்லாருக்கே அண்ணி. அதை வேணா நான் குச்சியால லேசா தட்டி—”

“வேணாம் தம்பி.”

“சும்மா கேட்டுப் பாத்தேன்.” சிரித்தான். அப்பாடா.

மே 12, ஞாயிறு

நேற்று மருந்துக்கடைக்காரர்கள் கூட்டம். மைக் இரைந்தது, நாற்காலி பாதி காலி, குழந்தைகள் இடையில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. நோட்டீசில் இந்தத் தடவையும் ‘மற்றும் குழுவினர்’தான்.

படிப் பாட்டில் முதல் நிறுத்தம் வந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். கொழுந்தன் இரண்டு குச்சியையும் மடியில் வைத்துவிட்டான், கை தானாகப் போய்விடக் கூடாதென்று. அக்கா மைக்கிலிருந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மின்விசிறிச் சத்தம் கேட்டது. இரண்டாவது நிறுத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை, என்ன ஆயிற்று என்று நின்று எங்களைப் பார்த்தது. நான் மூச்சு விட்டேன். ஐந்து மாடி ஏறியவள் மாதிரி, எல்லோர் முன்னாலும், நிதானமாக ஒரு மூச்சு. பிறகு வாசித்தேன்.

கைதட்டல் சுமார்தான். போன தடவை அளவுக்கு இல்லை.

இறங்கும்போது அக்கா என் தோளிலிருந்து கிட்டாரை வாங்கிக்கொண்டாள். “இன்னும் எனக்குப் பிடிக்கலைடி” என்றாள். “தெரியும்க்கா” என்றேன். டிரம்ஸை ஏற்ற ஒரு கை பிடித்தேன்.

மே 19, ஞாயிறு

பயிற்சி. கொழுந்தன் கொண்டுவந்த புதுப் பாட்டில் சண்டை. அக்காவுக்கு வேகம் பிடிக்கவில்லை, அவனுக்கு அவள் இழுப்பது பிடிக்கவில்லை. கத்திக்கொண்டே இருந்தவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“நீ என்னடி சொல்றே?”

சொன்னேன். இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. மூன்று தடவை வாசித்தோம்.

கழுத்து எரிகிறது. வாசித்ததில்.